அமுக்கியபோது அழாத பிள்ளை

என் மகன் திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தான். சுகப்பிரசவம். வந்ததும் அழுதான். எடை சரியாக இருந்தது. மார்பில் போட்டவுடன் வாயைத் திறந்து தேடினான். வெளியே நின்றிருந்த என் கணவர், நர்ஸ்கள், வார்டு பெருக்குகிற அம்மா, பக்கத்து அறைக்காரர்கள் என்று ஒருவரையும் விடாமல் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையை ஒட்டி டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருப்பவர் அவர். அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, மடிப்புக் கலையாத சட்டையில், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். நாங்கள் ரொம்ப நாள் காத்திருந்து வந்த பிள்ளை.

எனக்குத் துணையாக என் அக்கா வந்திருந்தாள். விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவள். என் பிரசவத்துக்காக லீவு போட்டிருந்தாள். அவளுக்கு இரண்டும் பெண்கள். அதனால் மறுநாள் காலையில் குழந்தைக்குத் துணி மாற்றும்போது அவளுக்குச் சந்தேகம் வந்தும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

"ஏண்டி, இங்க பாரேன். ஆம்பளப் புள்ளைக்கு இது இப்பிடித்தான் இருக்குமா?"

நான் மெல்ல எழுந்து பார்த்தேன். விதைப்பையின் இடது பக்கம் சிவந்து, சற்று வீங்கி, பிறந்த குழந்தைக்கு இருக்க வேண்டியது போலத்தான் இருந்தது. வலது பக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தோல் நாவற்பழம் மாதிரி கருநீலமாக இருந்தது. விரல் நுனியால் தொட்டேன். உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. குழந்தை கொட்டாவி விட்டான்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள். மனித இனப்பெருக்கம் என்ற பாடத்தில் இந்த உறுப்பின் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். அந்தப் படத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் அசையாமல் இருக்கும். இப்படி ஒரு நிறம் அதில் கிடையாது.

நர்ஸைக் கூப்பிட்டோம். நடுத்தர வயதுக்காரர், சிரித்த முகம். "தண்ணி கோத்துக்கினு இருக்கும்மா. நிறைய புள்ளைங்களுக்கு இருக்கும். போகப் போக தானா வத்திடும்" என்றார். துணியை மூடப் போனவர், மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "எதுக்கும் குழந்தை டாக்டரம்மாவ ஒரு தபா பாக்கச் சொல்றேன், இருங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

குழந்தை மருத்துவர் என்னைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தார். கையைக் கழுவித் துடைத்து, சூடு வரும்வரை உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்ட பிறகுதான் குழந்தையைத் தொட்டார். ஜன்னல் திரையை இழுத்து, விளக்கை அணைக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து பேனா அளவிலான டார்ச் ஒன்றை எடுத்து, விதைப்பையின் வலது பக்கத்தில் ஒட்ட வைத்து அடித்தார்.

"தண்ணியா இருந்தா மொத்தமும் செவப்பா பளிச்சுனு எரியும்மா. லைட்டு உள்ள பூந்து அந்தப் பக்கம் வரும்."

வரவில்லை. டார்ச் வைத்த இடத்தில் தோலின் மேல் ஒரு வட்டம் விழுந்தது, அவ்வளவுதான். அவர் டார்ச்சை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். அப்படியும் வரவில்லை. விளக்கைப் போடச் சொல்லிவிட்டு, குழந்தையின் வயிற்றையும் தொடை இடுக்கையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கெட்டியான பக்கத்தை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து அமுக்கினார். அமுக்கும்போது அவர் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் அழவில்லை. கண்ணை மூடியபடியே சப்புக்கொட்டினான்.

"அழவே மாட்டேன்றான் பாருங்க டாக்டர், சமத்து" என்றேன். எனக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது. வலியில்லை என்றால் பெரிய விஷயமாக இருக்காது என்று நினைத்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருந்திருக்கும்மா. இப்பதான் ஆரம்பிச்ச பிரச்சனைன்னா தொட்ட உடனே கத்துவான். இவனுக்கு அங்க உணர்ச்சியே இல்லாத மாதிரி இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"விதைக்கு ரத்தம் கொண்டு போற கொடி ஒண்ணு இருக்கில்ல, அது முறுக்கிக்கிட்டு இருக்கலாம். ஸ்கேன் பண்ணாத்தான் தெரியும். நீங்க இப்பவே விழுப்புரம் கிளம்புங்க. அங்க குழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்ற சர்ஜன் ஒருத்தர் இருக்காரு. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். அவர் பாக்குற வரைக்கும் பால் குடுக்காதீங்க."

"ஆபரேஷனா?" என்றார் என் கணவர். டிபன் வாங்கிக்கொண்டு அப்போதுதான் அறைக்குள் வந்திருந்தார். இட்லிப் பொட்டலம் கையிலேயே இருந்தது. "யாருக்கு?"

அவருடைய நண்பர் ஒருவரின் காரில் கிளம்பினோம். தையல் போட்ட இடம் உறுத்தாமலிருக்க அக்கா எனக்குத் தலையணை போட்டு உட்கார வைத்தாள். மடியில் குழந்தை. கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை என் கணவர் முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தண்ணின்னுதானே மொதல்ல சொன்னாங்க?"

"ஆமா."

"அப்பறம் ஏன் மாத்திச் சொல்றாங்க?"

அக்காதான் பதில் சொன்னாள். "தம்பி, நீங்க முன்னாடி பாத்துக்கினு வாங்க. போய் பாத்தாத்தான தெரியும்."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. குழந்தைக்குப் பசி வந்துவிட்டது. அழ ஆரம்பித்தான். சின்ன அழுகை இல்லை. முகம் சிவக்க, கால்களை உதறி, ஊரைக் கூட்டும் அழுகை. எனக்கு மார்பு கனத்து, சீம்பால் ரவிக்கையில் கசிந்தது. கொடுக்கக் கூடாது. கை விரலைக்கூட வாயருகே கொண்டு போகவில்லை. பசிக்கு இப்படிக் கத்துகிற பிள்ளை, அங்கே அமுக்கியபோது ஏன் சும்மா இருந்தான் என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் முழுதாக இறங்கியது. அழத் தெரியாத பிள்ளை இல்லை இவன். அழுவதற்கு அந்த இடத்தில் எதுவும் மிச்சமில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் ஏசி குளிர் அதிகமாக இருந்தது. ஸ்கேன் எடுக்கும் டாக்டர் அதை அணைக்கச் சொல்லிவிட்டு, குழந்தையின் மேல் துண்டைப் போர்த்தி, அந்த இடத்தை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தார். திரையை நானும் பார்க்க முடிந்தது. இடது பக்கத்தில் சாம்பல் நிறத்துக்கு நடுவே சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மினுக்கின. ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம், அவர் சொல்லாமலேயே தெரிந்தது. வலது பக்கம் வந்தபோது புள்ளிகள் இல்லை. அவர் ஏதோ பட்டனைத் திருகினார். மறுபடியும் வைத்தார். கருவியை லேசாகச் சாய்த்துப் பார்த்தார். சாம்பல் நிறம் மட்டும்தான். "பாத்துட்டேன்மா, சர்ஜன் சொல்லுவாரு" என்று சொல்லி, குழந்தையின் மேலிருந்த ஜெல்லைத் தானே துடைத்துவிட்டார்.

சர்ஜனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். குழந்தையைப் பார்த்தார், ஸ்கேன் படத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"வலது பக்க விதைக்கு ரத்த ஓட்டம் இல்ல. கொடி முறுக்கிக்கிச்சு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது இன்னிக்கு நடந்ததில்ல, நேத்து நடந்ததும் இல்ல. பொறக்கறதுக்கு முன்னாடியே நடந்திருக்கு."

"முன்னாடியேன்னா?" என்று கேட்டேன்.

"வயித்துல இருக்கும்போதே."

அந்த இரண்டு வார்த்தைகளை நான் எப்படி வாங்கிக்கொண்டேன் என்பதை இன்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. என் வயிற்றில். நான் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நின்றுகொண்டிருந்தபோதா? வளைகாப்பில் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு சிரித்தபோதா? டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கிப்போன ஏதோ ஒரு சாயங்காலமா? என் உடம்புக்குள், என் பிள்ளையின் உடம்பில் ஒரு பாகம் சுழன்று, ரத்தம் நின்று, செத்துப்போயிருக்கிறது. அவனுக்கு வலித்திருக்கும். அங்கே கத்தவும் முடியாது. நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

"நான் பஸ்ல போய் வந்துக்கிட்டு இருந்தேன் டாக்டர். கடைசி வரைக்கும் வேலைக்குப் போனேன். அதனாலயா?"

"இல்லம்மா. நீங்க பண்ணதால வரல. யார் பண்ணதாலயும் வரல. பெரியவங்களுக்கு விதையைச் சுத்தியிருக்கற உறை பைக்குள்ள நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கும். கருவுல இருக்கற புள்ளைக்கும், இப்பதான் பொறந்த புள்ளைக்கும் அது இன்னும் ஒட்டியிருக்காது. சும்மா தொங்கிக்கிட்டு இருக்கும். எப்பவாவது ஒரு புள்ளைக்கு உறையோட சேர்த்து மொத்தமா சுத்திக்கும். ஏன் ஒருத்தனுக்கு சுத்துது, இன்னொருத்தனுக்கு சுத்தலன்னு எங்களுக்கே சரியா தெரியாது."

என் கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். "சார், நான் மெக்கானிக்கு. கிளட்ச் கேபிள் முறுக்கிக்கினா திருப்பி வுட்டா சரியாயிடும். அந்த மாதிரி திருப்பி வுட்டுட முடியாதா?"

கேட்டது சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தாலும் டாக்டர் சிரிக்கவில்லை. "சில மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிருந்தா அதைத்தான் பண்ணியிருப்பேன். கேபிளுக்கு உயிர் இல்ல. இதுக்கு ரத்தம் நின்னா உயிர் போயிடும். அது போயிடுச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப ஆபரேஷன் எதுக்கு? போனது போயிடுச்சு."

"இன்னொண்ணுக்காக" என்றார் டாக்டர்.

இடது பக்கமும் அதே மாதிரி ஒட்டாமல்தான் இருக்கும், அதுவும் சுழன்றுவிட்டால் பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது, அதனால் வலது பக்கத்தைத் திறந்து பார்த்து, செத்திருந்தால் எடுத்துவிட்டு, இடது விதையைப் பைக்குள் தையல் போட்டு நிறுத்தி வைக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அது சுழல்வதற்கு வாய்ப்பு குறைவுதான் என்பதையும் மறைக்கவில்லை. "பிறந்து ஒரு நாள் ஆன புள்ளைக்கு மயக்க மருந்து குடுக்கறதுல ஆபத்து இருக்கு. அதனால கொஞ்ச நாள் பொறுத்துப் பண்ணலாம்னு சொல்ற டாக்டருங்களும் இருக்காங்க. நான் அவங்களத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் காத்திருக்க மாட்டேன். எங்கிட்ட நல்ல மயக்க டாக்டர் இருக்காங்க, குழந்தைங்க ஐசியு இருக்கு. இன்னிக்கே பண்ணணும்னு சொல்லுவேன். முடிவு உங்களோடது."

வராந்தாவுக்கு வந்ததும் என் கணவர் தன் அண்ணனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது. "நல்லா இருக்கறத எதுக்குடா கிழிக்கணும்? ஒரு வயசு ஆவட்டும். மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போய் பெரிய ஆஸ்பத்திரில காட்டலாம். ஜல்தி பண்ணிக்கினு கையெழுத்து போட்டுடாத." போனை வைத்துவிட்டு அவர் என்னிடம் அதையே சொன்னார், தன் யோசனை போல.

"நேத்துப் பொறந்த புள்ளைங்க அவன். மயக்க மருந்துல எழுந்திரிக்காம போயிட்டா? ஒண்ணு போச்சு, சரி. புள்ளையே போயிட்டா இன்னா பண்றது?"

அவர் பயம் பொய்யில்லை. எனக்கும் அதே பயம்தான். அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசுகிறவர் இல்லை; பதற்றத்தில் வாய் குழறி வந்தது அது. கண் கலங்கியிருந்தது. அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். "ஏங்க, வயித்துக்குள்ள இருக்கும்போது எனக்குத் தெரியல. பொறந்து ஒரு நாள் கையில வச்சிருந்தேன், அப்பவும் தெரியல. வீட்டுக்குப் போனப்பறம் இன்னொரு பக்கம் சுத்திக்கிச்சுன்னா நமக்கு எப்படித் தெரியும்?"

"அழுவான் இல்ல?"

"எல்லாத்துக்கும்தான் அழுவான். பசிக்கும் அழுவான், ஈரத்துக்கும் அழுவான். இதுக்குத்தான் அழறான்னு நாம எப்பக் கண்டுபிடிக்கிறது? கண்டுபிடிச்சு, திண்டிவனத்துலேர்ந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள?"

அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றார். ஷேர் ஆட்டோ ஒன்றிலிருந்து ஒரு குடும்பமே இறங்கிக்கொண்டிருந்தது; அதையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, "வா, போட்டுடலாம்" என்றார். அவர் படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் படிக்காமலேயே போட்டேன். அது தைரியமில்லை. எனக்கு அப்போது எதுவுமே உறைக்கவில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். பெரிய உடம்புக்காரர், பச்சை உடுப்பில் இருந்தார். "எங்கிட்ட குடுங்கம்மா, நான் அவன் தலைமாட்டுலயேதான் இருப்பேன்" என்றார். அவர் கையில் அவன் ஒரு சுருட்டிய துண்டு அளவே இருந்தான். கதவு மூடியது. அக்கா எனக்கு ஹார்லிக்ஸ் வாங்கி வந்தாள். அதைக் கையில் வைத்திருந்தேன். ஆறிப்போய், மேலே ஏடு கட்டியது.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்ற எண்ணத்தில்தான் நான் இருந்தேன். அதைவிட ரொம்ப அதிகமாக ஆயிற்று. ஒரு நர்ஸ் வெளியே ஓடி வந்தார். எங்களைப் பார்க்காமல் ஒரு பாட்டில் சலைனை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். என் கணவர் எழுந்து கதவருகே போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். "இன்னாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம் இல்ல? பேஜாரா இருக்குது" என்று யாரிடமோ சொல்வது போல் சொன்னார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். என் நகம் அவள் உள்ளங்கையில் பதிந்த தடம் அப்புறம் தெரிந்தது.

சர்ஜன் முகமூடியைக் கீழே இறக்கியபடி வந்தார். "குழந்தை நல்லா இருக்கான்" என்பதைத்தான் முதலில் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுச் சுவர் ஓரமாகச் சாய்ந்து நின்றார். களைத்திருந்தார். அவர் முகத்திலும் ஓர் அதிர்ச்சி இருந்தது. டாக்டர்கள் முகத்தில் நாம் அதை எதிர்பார்ப்பதில்லை.

"வலது பக்கம் நெனச்ச மாதிரிதான். முழுசா கறுத்துப் போயிருந்துச்சு. எடுத்துட்டேன். அது முன்னாடியே போனதுதான், சந்தேகமே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அப்பறம் இடது பக்கத்தைத் தையல் போட்டு நிறுத்தலாம்னு திறந்தேன். அந்தக் கொடியும் சுத்தியிருந்துச்சு."

விரலால் காற்றில் ஓர் அரை வட்டம் போட்டுக் காட்டினார்.

"முழுசா இல்ல. பாதிச் சுத்து. அதனாலதான் ஸ்கேன்ல ரத்தம் ஓடுற மாதிரி தெரிஞ்சிருக்கு. கொஞ்சம் ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. ஆனா விதை நீலம் பாரிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. திருப்பி விட்டு, வெதுவெதுப்பான சலைன்ல நனைச்ச துணியைச் சுத்தி வச்சுட்டு உக்காந்திருந்தோம். கொஞ்ச நேரம் ஒண்ணும் மாறல. எனக்கே நம்பிக்கை போயிடுச்சு. அப்பறம் மெதுவா ஒரு ஓரத்துல சிவப்பு வந்துச்சு. அப்படியே பரவுச்சு. தச்சு நிறுத்திட்டேன். இனிமே அது சுத்தாது."

என் கணவர் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அதை விட்டுவிட்டுத் தரையில், கால் மடிந்து, அப்படியே. இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வயசு ஆவட்டும்னு சொன்னேனே. ஒரு வயசு ஆவட்டும்னு சொன்னேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் குனிந்து அவர் தோளைத் தொட்டார். "சொன்னீங்க, ஆனா கூட்டிக்கிட்டுப் போகலியே. எழுந்திரிங்க."

எனக்கு அழுகை வரவில்லை. நாங்கள் வராந்தாவில் நின்று வேண்டும் வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், உள்ளே அது சுழன்றிருந்தது. அவர் வெளியே போய் ஷேர் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நீலம் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவேளை காரில் அவன் அப்படிக் கத்தினானே, அது பசியா, வேறா? டாக்டரைக் கேட்டேன். "தெரியலம்மா. ரெண்டுமா இருக்கலாம்" என்றார். நான் அவன் பசிக்கு அழுகிறான் என்று நிச்சயமாக நம்பியிருந்தேன்.

எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கு முன், "பாக்கணும்னா பாக்கலாம், கட்டாயமில்ல" என்றார் நர்ஸ். என் கணவர் தலையை ஆட்டி மறுத்தார். நான் பார்த்தேன். ஸ்டீல் கிண்ணத்தில், நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோல் உரிக்காத பருப்பு ஒன்றை மையில் தோய்த்தது மாதிரி, முழுக் கறுப்பாகக் கிடந்தது. அதன் மேல் கொடி ஒட்டியிருந்தது. முறுக்கிப் பிழிந்த துணியில் விழும் மடிப்புகள் அதில் இன்னும் இருந்தன. இவ்வளவு சின்னதா என்று தோன்றியது. அந்த நினைப்பைத் தவிர எனக்குள் அப்போது வேறு எதுவும் இல்லை.

அன்றைக்கு அவனைக் குழந்தைகள் ஐசியுவில் வைத்திருந்தார்கள். மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு நின்று நின்று வரலாம், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். சாயங்காலம் என்னைக் கையுறை மாட்டி உள்ளே விட்டார்கள். அவன் கண் விழித்து, சுற்றிலும் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, முகத்தைச் சுளித்தான். நர்ஸ் காயத்தின் மேலிருந்த கட்டை லேசாக நகர்த்திச் சரி செய்தார். அவன் வீறிட்டு அழுதான். வலிக்கிற அழுகை. "ஐயோ, வலிக்குதா கண்ணு" என்று நர்ஸ் கையை எடுத்துக்கொண்டார். நான் அங்கேயே நின்று விம்மி அழுதுவிட்டேன். அங்கே வலிக்கிறது. அங்கே அவனுக்கு உணர்ச்சி இருக்கிறது.

"ஏம்மா அழறீங்க, தையல் வலிதான், மருந்து குடுத்திருக்கோம், சரியாயிடும்" என்று அந்த நர்ஸ் என்னைத் தேற்றினார். நான் எதற்கு அழுதேன் என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, என் கணவர் நான் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டார். "சார், இவன் நாளைக்கு நல்லபடியா... கல்யாணம் காச்சி..."

"ஒண்ணு நல்லா இருந்தா போதும்" என்றார் சர்ஜன். "மீசை வரும், குரல் உடையும், கல்யாணம் பண்ணுவான், அப்பாவும் ஆகலாம். ஆனா உங்ககிட்ட மறைக்கல. இந்த இடது பக்கமும் கொஞ்ச நேரம் ரத்தத்துக்குத் தவிச்சிருக்கு. எவ்வளவு பாதிச்சிருக்குன்னு வளர வளரத்தான் தெரியும். வருஷா வருஷம் கொண்டு வந்து காட்டுங்க."

ஊரில் எல்லோருக்கும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொன்னோம். அது அவர் முடிவு, நானும் ஒத்துக்கொண்டேன். அவருடைய அண்ணனுக்கு மட்டும் உண்மை தெரியும். தொட்டில் போடுகிற நாளில் அவர் வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு, காபி குடித்து முடித்து, தம்பியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இன்னாடா, ஆம்பளையா இருப்பானா?"

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். கையில் இருந்த தட்டு சுவரில் இடித்தது. என் கணவர் அண்ணன் பேச்சை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் குரல் உயரவில்லை. "அண்ணா, நீ சொன்னதக் கேட்டு நான் அன்னிக்குப் புள்ளையத் தூக்கிக்கினு வீட்டுக்கு வந்திருந்தேன்னா, அந்தக் கேள்விய நான் உங்கிட்ட கேட்டிருப்பேன். இப்ப நீ எங்கிட்ட கேக்காத" என்றார். அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ரொம்ப நாள் வரவில்லை. பிறகு ஒரு நாள் பையனுக்கு மூன்று சக்கர சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தார். நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

வருஷா வருஷம் விழுப்புரம் போகிறோம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அவன் போடுகிற சண்டை எங்களுக்குப் பழகிவிட்டது. சர்ஜன் ஸ்கேன் எடுக்கச் சொல்வார், அளவு பார்ப்பார். இதுவரை வயதுக்குத் தகுந்த வளர்ச்சி இருக்கிறது என்கிறார். விளையாட்டில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இடுப்புக்குக் கீழே வலி என்று எப்போது சொன்னாலும் தள்ளிப்போடாமல் கொண்டு வர வேண்டும் என்பார். பெரியவனானதும் அவன் விரும்பினால் அந்தக் காலி இடத்தில் செயற்கையாக ஒன்று வைக்கலாம், அது வெறும் தோற்றத்துக்குத்தான், அவனே முடிவு செய்யட்டும் என்பார்.

பள்ளியில் அந்தப் பாடம் வரும்போது படத்தை வரைந்து முடித்துவிட்டு, பையன்களைப் பார்த்து நான் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இது சுழலக்கூடியது, திடீரென்று வலித்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், மணிக்கணக்கில் காத்திருக்காதீர்கள் என்கிறேன். பின் பெஞ்சில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இப்போது அவன் எல்.கே.ஜி. போகிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய அப்பா அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து கேட்டது.

"அப்பா, எனக்கு ஏன் இங்க ஒண்ணுதான் இருக்கு? எங்க கிளாஸ் பையனுக்கு ரெண்டு இருக்குதாம்."

என் கையில் இருந்த ஈரச் சட்டை அப்படியே நின்றது. எப்படிச் சொல்வது, எந்த வயதில் சொல்வது என்று நாங்கள் இருவரும் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். ஒன்றும் முடிவாகவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் நின்றுவிட்டது.

"நீ அம்மா வயித்துல இருக்கும்போதே ஒண்ணு கெட்டுப்போச்சுடா. டாக்டர் எடுத்துட்டாரு. இன்னொண்ணும் கெடப் பாத்துச்சு. அத அவரு காப்பாத்திக் குடுத்துட்டாரு."

"நாம விழுப்புரம் போவோமே, அந்த டாக்டரா?"

"அவரேதான்."

"அவருகிட்ட மீன் தொட்டி இருக்குது" என்றான் அவன். "அப்பா, சோப்பு கண்ணுல போவுது, ஜல்தியா ஊத்து."